கையில் வைக்கிற முதல் காசு

(தோட்டக் கிளைகளின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி நாங்கள் பிரட்டுக்களத்தில் நாள்தோறும் பேசுகிறோம். இன்றைக்கு அதை விட்டுவிடுவோம். லயத்துக்கு வந்துபோகிற ஒரு மனிதரைப் பற்றிப் பேசுவோம். அவர் ஓட்டோவில் வருவார். சட்டைப்பையில் இரண்டு போன் இருக்கும். தேத்தண்ணி கொடுத்தால் மறுக்காமல் குடிப்பார். பிள்ளைகளின் பெயர் கேட்பார். பிறகு மெதுவாகச் சொல்லுவார்: "அக்கா, ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷம் போய்ட்டு வாங்க. வீட்டக் கட்டிறலாம்."

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெளியில் வேலைக்குப் போகாதே என்று சங்கம் யாரையும் தடுக்க வரவில்லை. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. 1350 ஆனது 2024 இல். இடையில் 2022 இல் மாவும் அரிசியும் மண்ணெண்ணெயும் என்ன விலைக்குப் போயின என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிற தோட்டத்தில், மாதம் எத்தனை முழுப்பேர் விழுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். போய் வந்து பிள்ளையை உயர்தரம் வரை படிக்கவைத்த தாய்மார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே போவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டுத் தீர்மானம். யார் மூலம், எந்தப் பேப்பரில், யாருடைய காசில் போகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

இதை உங்களுக்குச் சொல்கிற எங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அந்த மனிதர் பாடசாலைக்கே வந்தார். எங்களிடம் படித்த ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். விடுகைப் பத்திரம் வேண்டும், பாஸ்போட் எடுக்க வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தோம். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, நல்ல மனிதர், ஏழைகளுக்கு வழிகாட்டுகிறார் என்று அந்தப் பெண்ணின் முன்னாலேயே புகழ்ந்தும் அனுப்பினோம். எந்த நாடு, எந்த ஏஜென்சி, என்ன விசா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளைகள் வீட்டுவேலை செய்யாமல் வந்தால் நாலு கேள்வி கேட்கிற நாங்கள், அன்று ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பெண் விசிட் விசாவில் போனார். போன இடத்தில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாலு மாதச் சம்பளம் வரவில்லை. வீட்டிலிருந்து அழுது எங்களிடம் வந்தபோது, எந்த வீட்டில் வேலை செய்கிறார், யார் முதலாளி என்று எழுதியிருக்கிற ஒரு துண்டுக் கடதாசி அந்தக் குடும்பத்திடம் இல்லை. அவர் வந்து சேர்ந்துவிட்டார். இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வரச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தோம். வெளிநாட்டு வேலை என்றால் ஆம்பிளைகளிடம் ஏஜன்ட் காசு கேட்கிறார். ஹவுஸ்மேட் வேலைக்குப் போகிற பெண்களிடம் அவர் காசு கேட்பதில்லை, அவரே கொடுக்கிறார். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கையில் வைக்கிறார். அந்த நாட்டு ஏஜென்சி ஒரு பெண்ணுக்கு இவ்வளவு என்று இங்குள்ள ஏஜென்சிக்குக் கொடுக்கும். அதில் ஒரு பங்கு லயத்துக்கு வந்தவருக்குப் போகும். அதிலும் மிஞ்சியதுதான் நம் கையில் விழுகிற காசு. நாம் அதை உதவி என்று நினைக்கிறோம். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் அது முற்பணம்.

போன வருடம் நம் கிளை ஒன்றில் நடந்ததைப் பெயர் இல்லாமல் சொல்கிறோம். அந்த அம்மா சம்மதித்துத்தான் இப்போது சொல்கிறோம். நுண்கடன்காரர் வாராவாரம் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்த காலம். ஏஜன்ட் இரண்டு லட்சம் கொடுத்தார். அன்றைக்கே கடன் கட்டியாயிற்று, கூரைக்குத் தகரம் வாங்கியாயிற்று, மகனுக்குச் சப்பாத்து வாங்கியாயிற்று. மூன்றாம் நாள் காசு இல்லை. பிறகு மெடிக்கல். பிறகு பாஸ்போட்டை "ஒபிஸில வைக்கணும்" என்று வாங்கிக்கொண்டு போனார். போவதற்கு நாலு நாள் இருக்கும்போது போன் வந்தது: "எயார்போட்ல கேட்டா, சொந்தக்காரரப் பார்க்கப் போறேன், சுத்திப் பார்க்கப் போறேன்னு சொல்லுங்க." அந்த அம்மாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. நுவரெலியாவையே சுற்றிப் பார்க்காத நான் துபாய் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றால் எந்த அதிகாரி நம்புவான் என்று எங்களிடம் கேட்டார். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

போகமாட்டேன் என்றார். உடனே ஏஜன்டின் பேச்சு மாறியது. கொடுத்தது இரண்டு லட்சம். டிக்கட், மெடிக்கல், விசா என்று சேர்த்து நாலரை லட்சம் வை என்றார். இரவில் ஆட்களோடு வந்து லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டார். புருஷன்காரர் வெட்கத்தில், "போய்ட்டுத்தான் வாயேன்" என்று சொல்லத் தொடங்கினார். நம் வீடுகளில் இது நடக்கும். காசு செலவான பிறகு பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இல்லாமல் போகும்.

நாங்கள் மூன்று பேர் அந்த அம்மாவோடு பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதினோம். பணியகத்துக்கும் எழுதினோம். இந்த மனிதர் வேலை செய்வதாகச் சொன்ன ஏஜென்சி, அப்படி ஒருவரைத் தெரியவே தெரியாது என்றது. ஒரு கிழமைக்குள் பாஸ்போட் வந்தது. அந்த அம்மா போகவில்லை. ஆனால் அந்த இரண்டு லட்சம் இன்னமும் பிரச்சினையாகத்தான் இருக்கிறது, வென்றுவிட்டோம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

இதைக் கேட்ட ஒரு பாட்டி சொன்னார்: "இது புதுசா? நம்மள கூட்டிட்டு வந்ததே இப்பிடித்தானே." உண்மைதான். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று நம் முன்னோர் புறப்பட்டபோது கங்காணி முற்பணம் கொடுத்துத்தான் கூட்டி வந்தான். வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை ஒரு "துண்டு" எழுதுவான்: இந்தக் கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு, கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று. அதாவது ஆளுக்கு விலை. கங்காணிக்கோ வேலைக்கு இறங்குகிற ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு. அந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்த அம்மாவின் வாசலில் நின்று நாலரை லட்சம் வை என்று கேட்டவர் கையில் துண்டு இல்லை. கேட்டது அதே கேள்வி.

ஆகவே எங்கள் அபிப்பிராயம் இது. கையில் ஒப்பந்தம் வரும் முன் கையில் காசு வாங்காதீர்கள். பணியகத்தின் முறைப்படி வருகிற காசு என்றால் அதற்குப் பேப்பர் இருக்கும், ஏஜென்சியின் பெயர் இருக்கும். இருட்டில் வாசலுக்கு வருகிற காசுக்கு ஒன்றும் இருக்காது. கடன் நெருக்குகிறது, என்ன செய்ய என்று கேட்பீர்கள். சங்கத்திடம் இரண்டு லட்சம் இல்லை. நுண்கடன்காரரோடு தவணையைப் பேசுவதற்கு உங்களோடு கூட வருவோம், அதைச் செய்திருக்கிறோம். அதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் அது பொய்.

இனிப் பேப்பர் விஷயம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் கொடுப்பது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். அனுமதிப்பத்திரம் ஏஜென்சிக்குத்தான், தேத்தண்ணி குடிக்க வந்தவருக்கு அல்ல. எனவே அவர் வந்தவுடன் ஏஜென்சியின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் கேளுங்கள். கோபித்துக்கொண்டு போனால் நல்லது, போகட்டும். இலக்கம் தந்தால் பணியகத்தின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது, வீட்டில் போன் வைத்திருக்கிற பிள்ளை பார்த்துச் சொல்லும். இல்லையென்றால் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். தமிழில் பேசுங்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி, கெஞ்ச வேண்டியதில்லை.

வீட்டுவேலைக்கு முதல்முறை போகிற பெண்ணுக்குக் கட்டாயப் பயிற்சி உண்டு. "பயிற்சி வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களைப் பணியகத்தின் கண்ணில் படாமல் அனுப்பப் பார்க்கிறார் என்று அர்த்தம். விசிட் விசாவும் அப்படித்தான். அந்த வழியில் போகிறவருக்குப் பணியகத்தில் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் காப்புறுதி இல்லை. அடி விழுந்தாலும் சம்பளம் வராவிட்டாலும், தூதரகம் எடுத்துப் பார்க்க ஒரு ஒப்பந்தம் இல்லை. 2022 இன் கடைசியில் ஓமானில் இப்படிப் போய்ச் சிக்கிய நம் நாட்டுப் பெண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்தோம். இப்படி ஏமாற்றிக் கொண்டுபோய் வேலை வாங்குவது நம் தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தல் என்ற குற்றம்.

பிறந்த திகதியை மாற்றலாம் என்பார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்கவே வேண்டாம். நாளைக்குச் சேமலாப நிதி எடுக்கப் போகும்போது அடையாள அட்டையில் ஒரு வயது, பாஸ்போட்டில் ஒரு வயது என்று நீங்கள்தான் அலைய வேண்டும்.

இங்கே ஒரு ஒப்பந்தம், அங்கே இறங்கியதும் அரபியில் இன்னொரு ஒப்பந்தம் என்பதும் நடக்கிறது. அதனால் கையெழுத்து வைக்கிற பேப்பரின் போட்டோக்கொப்பி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, எந்த நாட்டுக் காசில், முதலாளியின் பெயர், விலாசம், எத்தனை வருடம் என்பது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். சிங்களமோ ஆங்கிலமோ, இருந்து வாசித்துச் சொல்வோம்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பில் செக்கியூரிட்டி, கார்மென்ட், ஹோட்டல் என்று மேன்பவர் ஆட்கள் பஸ்ஸோடு வந்து நிற்கிறார்கள். "நீ கொன்ட்ராக்ட், ஒனக்கு ஈபிஎஃப் இல்ல" என்பார்கள். அது பொய். நிரந்தரமோ தற்காலிகமோ, நாட்கூலியோ, ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பொருந்தும்: உன் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி போடுவது 12 சதவீதம். சம்பளத் துண்டைக் கேள். சம்பளம் கொடுப்பது தொழிற்சாலையா மேன்பவர்காரரா என்று முதல் நாளே கேள், ஏனென்றால் பிரச்சினை வந்தால் இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

கடைசியாக, வெட்கத்தைப் பற்றி. நம்மை அழைத்துப் போக வருகிறவர் வெளியூர்க்காரர் இல்லை. மாமா முறை, மச்சான் முறை, ஆடித் திருவிழாவுக்குச் சந்தா கொடுக்கிறவர். அவரிடம் பற்றுச்சீட்டு கேட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கிறோம். தோட்டக் கடையில் கால் கிலோ சீனிக்கும் கொப்பியில் எழுதுகிறோமே, அது மரியாதைக் குறைவா? அதேபோல ஒரு கொப்பி வாங்குங்கள். ஏஜன்ட் வந்த திகதி, சொன்ன பெயர், போன் இலக்கம், ஓட்டோ இலக்கம், கொடுத்தது வாங்கியது எல்லாவற்றையும் எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதும். எங்கள் பிள்ளைகளின் கையெழுத்து பரவாயில்லை. அந்த அம்மாவின் முறைப்பாட்டில் பொலிஸ் முதலில் கேட்டது திகதியைத்தான். அவருக்கு நினைவில் இருந்தது மகனுக்குச் சப்பாத்து வாங்கிய நாள் மட்டும்.

சங்கக் காரியாலயத்தில் இதற்கென்று ஒரு கோப்பு திறந்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் குடும்பங்கள், பாஸ்போட், விசா, ஒப்பந்தம் எது இருந்தாலும் போட்டோக்கொப்பி கொண்டு வந்து வையுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள், அவர் கடைசியாகப் பேசிய போன் இலக்கத்தையாவது எழுதி வைப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இருப்போம். பாடசாலை நாளென்றால் இரண்டு மணிக்குப் பிறகு, பாடசாலையிலேயே.