மண்ணில் இறங்குவது யார்?

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீர், தெருவிளக்கு, வரிவசூல் ஆகியவை பற்றிக் காலையிலிருந்து பேசிவிட்டோம். இப்பொழுது சாலையைப் பற்றிச் சிறிது பேச விரும்புகின்றோம். சாலை போடுவதைப் பற்றியன்று. போட்ட சாலையில் நாம் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி.

தேநீர் வேளையில் உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை நாமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். மினி பஸ் ஒன்று தம்மை வாய்க்காலில் தள்ளப் பார்த்தது என்றார் ஒருவர். எதிரே வந்த கார்க்காரர் விளக்கைத் தாழ்த்தவே இல்லை என்றார் மற்றொருவர். காதில் கைப்பேசியை இடுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டிவந்த இளைஞனைப் பற்றி இன்னொருவர் மனம் நொந்து பேசினார். எல்லாம் உண்மையே. ஆயினும் ஒவ்வொரு கதையிலும் தவறு செய்தவர் வேறொருவராகவே இருந்தார். ஆகவே நாமே தவறு செய்த கதை ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு விடியற்காலை. மாவட்டத் தலைநகரில் ஆய்வுக் கூட்டம், புறப்படும்போதே நேரமாகிவிட்டது. ஒற்றைத் தார்ச்சாலையில் நமது ஜீப்புக்கு முன்னே ஒரு பெரியவர், சைக்கிளின் இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தும் ஒதுங்கவில்லை. மறுபடியும் அடித்தோம். "வேண்டுமென்றே போகிறார், ஐயா" என்றார் டிரைவர். நாமும் அப்படியே எண்ணினோம். இன்னும் நெருங்கிச் சென்று விடாமல் ஒலி எழுப்பச் சொன்னோம். சொன்னவர் நாம்தாம், டிரைவர் அல்லர். பெரியவர் சைக்கிளை இடப்புறம் திருப்பினார். அடுத்த கணம் சைக்கிளும் கேன்களும் அவருமாகப் பள்ளத்தில் கிடந்தார்கள். சொசைட்டிக்குப் போகவேண்டிய பால் முழுவதும் மண்ணில் ஓடிற்று. மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், "எறங்க எடமில்லீங்களே" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அந்தச் சொல் நம்மை விடவில்லை. மறுவாரம் ஒரு நூலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு அவ்விடத்துக்குச் சென்று பார்த்தோம். தாரின் விளிம்பிலிருந்து ஓரத்து மண் ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்திருந்தது. அதற்கப்பால் சீமைக்கருவேல முள். பாரம் ஏற்றிய சைக்கிள் அந்த விளிம்பில் இறங்கினால் நிமிர்ந்து நிற்கமுடியாது. வழிவிட மறுக்கிறார் என்று நாம் ஆத்திரப்பட்ட மனிதருக்கு, விடுவதற்கு வழியே இருக்கவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விளக்குவோம். கிராமச் சாலைகளின் தார்ப்பகுதி பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலமே. போக்குவரத்துக் குறைந்த சாலைகளில் 3 மீட்டர். ஒரு பஸ்ஸோ லாரியோ 2.6 மீட்டர் அகலம்வரை இருக்கலாம் என்பது விதி. இரண்டு எதிரெதிரே வந்தால் 5.2 மீட்டர் வேண்டும், இடைவெளி தனி. தாரின்மேல் இரண்டும் ஒருபோதும் கடக்க முடியாது. அதனால்தான் சமவெளிக் கிராமச் சாலையைத் திட்டமிடும்போது இருபுற மண் ஓரங்களையும் சேர்த்து 7.5 மீட்டர், சிறு சாலையானால் 6 மீட்டர் என்று வைத்திருக்கின்றார்கள். இரு வண்டிகளும் தத்தம் இடச்சக்கரங்களை மண்ணில் இறக்கி, வலச்சக்கரங்களைத் தாரில் வைத்துக் கடக்கவேண்டும் என்பதே இந்தச் சாலையின் ஏற்பாடு. ஒருவர் மட்டும் இறங்கினால் போதாது. இருவரும் பாதி பாதி இறங்கவேண்டும்.

நடப்பதோ வேறு. ஒவ்வொரு முறை சாலையைப் புதுப்பிக்கும்போதும் பழைய தாரின்மேல் புதிய படலம் போடப்படுகின்றது. சாலை உயருகின்றது, ஓர மண் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. மழை அதையும் அரித்துக்கொண்டு போய்விடுகின்றது. பிறகு யாருக்கும் இறங்க மனம் வருவதில்லை. பெரிய வண்டி நடுவில் வருகின்றது. சிறிய வண்டி ஒதுங்குகின்றது. சைக்கிளும் நடப்பவரும் முள்ளுக்குள் போகின்றார்கள். வண்டியின் எடையே வழியுரிமை என்றாகிவிட்டது. ஜீப்பில் அரசாங்கப் பலகை இருந்தால் கேட்கவே வேண்டாம்!

திண்டிவனத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வரை நான்கு வழிச் சாலையில் வருகின்றவருக்கு எதிர்வண்டி என்பதே கிடையாது. நடுத்தடுப்புக்கு அப்பால் அது போய்விடும். அந்த வேகத்திலேயே பிரிவுச் சாலையில் திரும்பி நம்மூர் வழியே நுழையும்போது, சைக்கிளும் ஆட்டுமந்தையும் பள்ளிப் பிள்ளைகளும் அவருடைய கண்ணில் இடைஞ்சலாகத் தோன்றுகின்றன. பெரிய சாலையில் பழகிய கால் சின்னச் சாலையிலும் அழுத்துகின்றது.

நிற்க. இரவு விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. எதிரே வரும் வண்டியைக் கண்டதும் 'டிம்' செய்யவேண்டும் என்பது ஓட்டுநர் ஒவ்வொருவரும் கற்ற பாடம். "அவன் தாழ்த்தட்டும், பிறகு நாம் தாழ்த்துவோம்" என்று இருவரும் பிடிவாதமாக இருப்பதைத்தான் தினந்தோறும் காண்கின்றோம். கண் கூசியபின் பார்வை தெளியச் சில விநாடிகள் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் ஓடும். நான்கு விநாடி என்றாலும் 56 மீட்டர் தூரத்தைக் குருடராகவே கடக்கின்றோம். அந்தத் தூரத்துக்குள் என்ன நின்றுகொண்டிருக்கும்? பெரும்பாலும் நம்முடைய டிரெய்லர்தான்.

விவசாயப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. கரும்பு வெட்டுக் காலத்தில் அச்சு முறிந்தோ டயர் வெடித்தோ டிரெய்லரைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகின்றோம். பின்னால் விளக்கில்லை; இருந்த சிவப்பு ஒளிப்பட்டையைத் தூசியும் சேறும் மூடியிருக்கும்; வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு அதையும் மறைத்துவிடும். அடையாளத்துக்காக ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டால் போதும் என்பது வழக்கம். பகலில் அது தெரியும். இருளில் கிளையும் கரும்பும் ஒன்றே. மோட்டார் சைக்கிளில் வருகின்றவன் எதிர்விளக்கில் கண் கூசி, இடப்புறம் ஒதுங்கி, நேரே அதில் மோதுகின்றான். இடப்புறம் ஒதுங்கியது சரியான செயல். அதுவே அவனைக் கொல்லுகின்றது.

கேழ்வரகு, எள், கொள் இவற்றைச் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களைக் கொண்டு தாம்படிக்கும் வழக்கமும் இப்படித்தான். களம் இல்லாத ஊரில் இதைக் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. களம் கட்டிக்கொடுக்காத பொறுப்பு நம்முடையதும் ஆகும். ஆனால் தானியத்தை அள்ளியபின் சுற்றிலும் வைத்த கருங்கல்லை அப்படியே விட்டுப்போவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. தாள்மேல் இரு சக்கர வண்டி வழுக்கும் என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இவற்றில் நெடுஞ்சாலை மரணங்களையே பத்திரிகைகள் பெரிதாகப் போடுகின்றன. ஊர்ப் பாலத்தின் அருகே போன உயிரை ஊர் மட்டுமே அறியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும். டிராக்டரைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கும் தந்தையர் இதைக் கேட்டுக்கொள்க. அதே திருத்தம், அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் தம் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்றும் பாதுகாப்பு அளித்திருக்கின்றது. "போலீஸ் அலைய வைக்கும்" என்று அஞ்சி விலகிப் போக வேண்டியதில்லை.

ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியாது. பஞ்சாயத்தால் செய்ய முடிந்தது எது? பால்காரப் பெரியவர் விழுந்த இடத்தில் கிராவல் மண் கொட்டி, தாரின் மட்டத்துக்கு நிரப்பி, திமிசு போட்டு இறுக்கினோம். திருப்பத்தில் எதிரே வருவது தெரியும்படி முள்ளை வேரோடு அகற்றினோம். பெரிய செலவொன்றும் இல்லை. அதன்பிறகு ஒரு மாலை அவ்விடத்தில் சற்று நேரம் நின்று பார்த்தோம். மினி பஸ் தானாகவே ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கிற்று. எதிரே வந்த டிராக்டரும் இறக்கிற்று. எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்லமாட்டோம். நாம் நின்றிருந்த அரைமணி நேரத்தில் ஒரு கார் நடுவிலேயே பறந்து போயிற்று.

பெரியவரின் மணிக்கட்டு நேராகக் கூடவில்லை. இப்பொழுது அவர் ஒரே கேன் கொண்டு போகின்றார். அதையும் வலப்புறமாகத்தான் கட்டுகின்றார்.

தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தத்தம் பஞ்சாயத்தில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நான்கு விரலுக்கு மேல் வித்தியாசம் உள்ள இடங்கள், கண் மறைக்கும் திருப்பங்கள், களம் இல்லாத குக்கிராமங்கள் ஆகியவற்றை நேரில் சென்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். வண்டியில் போய்ப் பார்க்கவேண்டாம். சைக்கிளில் போங்கள், கூடுமானால் பின்னால் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு. டிராக்டர் வைத்திருப்போர் இன்றே வீட்டுக்குப் போனதும் டிரெய்லரின் பின்பக்கத்தைத் துடைத்துப் பார்க்கவும். சிவப்புப் பட்டை இல்லாதவர்கள் பெயர் கொடுத்தால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே முறையில் வாங்கிவிடலாம். பட்டியல்கள் அடுத்த கூட்டத்துக்கு முந்திய நாள் அலுவலகத்தில் கிடைக்கவேண்டும். நூலும் அளவுகோலும் நம்மிடம் இருக்கின்றன. வேண்டுவோர் வாங்கிச் செல்லலாம்.