மாணவர் எண்ணிக்கையும் பள்ளி மானியமும்

(மீஞ்சூர் வட்டாரத்து ஊராட்சிப் பணியாளர், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவது கல்வித் துறையாரின் வேலையல்லவா, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அதில் என்ன பங்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பயிரை வளர்ப்பது அந்தந்த உழவரின் வேலைதான். ஆயினும் மதகு திறப்பதற்கு முன் ஆயக்கட்டுக் கணக்கைச் சரிபார்ப்பது ஊரார் அனைவரின் பொறுப்பு. கணக்கில் ஏறாத நிலத்துக்கு மடைநீர் வருவதில்லை. பள்ளிக்கு வரும் அரசுப் பணமும் அத்தகையதே. எத்தனை மாணவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே அது கூடுகிறது அல்லது குறைகிறது. ஆகவே இதை ஊர்க் காரியமாகவே கருதுமாறு வேண்டுகின்றேன்.

மானியமும் நிபந்தனையும் சேர்ந்தே வருவது புதிதன்று. 1854-ஆம் ஆண்டில் சார்லஸ் உட் என்பார் இலண்டனிலிருந்து அனுப்பிய கல்வி அறிக்கையே, பொதுமக்கள் நடத்தும் பள்ளிகளுக்கு உதவித்தொகை வழங்கும் முறையை இந்தியாவில் வகுத்தது. உள்ளூர் நிர்வாகம் இருத்தல் வேண்டும், அரசு அதிகாரிகளின் பார்வைக்கு உட்படுதல் வேண்டும் என்னும் விதிகள் அப்பொழுதே இருந்தன.

இன்றைய நிலையைப் பார்ப்போம். 2018-இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், ஒன்றிய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் உட்பட அரசுப் பள்ளிகளுக்கு அதில் ஒரு மானியம் வகுக்கப்பட்டுள்ளது. அதன் படிநிலைகள் வருமாறு: 30 மாணவர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, 1,000-க்கு மேற்பட்டால் ஒரு இலட்சம்.

இக்கணக்கைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். 250 மாணவர் உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய். 251 பேர் இருந்தால் 75,000 ரூபாய். எட்டாம் வகுப்போடு ஒரே ஒரு பிள்ளை நின்றுவிட்டால், எஞ்சிய 250 பிள்ளைகளுக்கும் சேர்த்து 25,000 ரூபாய் போய்விடக்கூடும். சாக்பீசும், குடிநீர்க் குழாயும், கழிப்பறைக் கதவும், ஆய்வுக்கூடப் பொருளும் அந்தப் பணத்தில்தான் வர வேண்டும். ஒரு வீட்டின் முடிவு ஊரின் இழப்பாகும் விதம் இதுவே.

ஆசிரியர் பணியிடமும் அவ்வாறே. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் நாள் நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பணியாளர் நிர்ணயம் செய்யப்படுகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசே தருவதால், அங்கும் எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரியாகிவிடும். கணித ஆசிரியர் இல்லையே என்று பிற்பாடு மனு எழுதுவதைவிட, ஜூன் மாதத்திலேயே பிள்ளைகளைச் சேர்ப்பது மேல்.

இனி நிபந்தனைகளைச் சொல்கிறேன். மானியத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தின்படியே செலவு நடைபெற வேண்டும். பற்றுச்சீட்டுகளைத் தணிக்கைக்கு வைத்திருக்க வேண்டும். உரிய காலத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டுமென்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் காட்டிய வழி. உள்ளாட்சியின் சார்பிலும் அதில் இடம் உண்டு. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் கேள்வி கேட்பார் யார்?

நிபந்தனைகள் மேல்மட்டத்திலும் உள்ளன. இதே திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்கு வர வேண்டியது 2,152 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு அரசு கணக்கிட்டது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தம் குறித்த கருத்து வேற்றுமையால் நிதி நிறுத்தப்பட, மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அரசுகளுக்கு இடையிலான வழக்கைப் பற்றி அரசு ஊழியன் அபிப்பிராயம் கூறுதல் முறையன்று. மேலே தீர வேண்டியது மேலேதான் தீரும். கீழே நம் கையில் உள்ள நிபந்தனைகளில் நம்மால் ஒரு குறையும் நேரலாகாது என்பதே நான் கூற விரும்புவது.

நமது வட்டாரத்தின் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே ஒருபுறம் நெல்வயல். மறுபுறம் துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி தொடங்கித் தெற்கே எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வரையில் ஒப்பந்த வேலைக்காரர் குடும்பங்கள் வேலையைத் தொடர்ந்து இடம் மாறுகின்றன. பிள்ளையின் பெயர் பழைய பள்ளியில் இருக்கும்; பிள்ளையோ புதிய ஊரில் சும்மா இருக்கும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு கூறுகிறது. பெற்றோர் பலர் இதை அறியார்.

அச்சட்டத்தின் காவல் எட்டாம் வகுப்போடு, 14 வயதோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பின் வாசலில்தான் பையன் வேலைக்கும் பெண் வீட்டு வேலைக்கும் திரும்பும் அபாயம் உள்ளது. தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் திட்டத்தில், எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேர்வில் தேறுவோருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் மூன்றரை இலட்சத்துக்கு மிகலாகாது. ஆண்டுதோறும் தவறாமல் தேற வேண்டும். இது மாணவரையே சேரும் பணம்.

எண்ணிக்கைக்காகப் பொய்ப்பெயர் சேர்ப்பது கூடவே கூடாது. இப்பொழுது ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருக்கிறது. ஒரு பெயர் இரண்டு பள்ளிகளில் இருந்தால் கணினி காட்டிக் கொடுத்துவிடும். அதனினும் பெரிய தீங்கு, பள்ளியில் இல்லாத பிள்ளை இருப்பதாக எழுதப்பட்டால், அப்பிள்ளையைத் தேடிச் செல்வார் எவரும் இலர் என்பதே.

பெரிய பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 மாணவர் பள்ளியில் தலைக்கு 250 ரூபாய் விழும். 1,000 மாணவர் பள்ளியில் 75 ரூபாயே விழும். மக்கள் நெருங்கி வாழும் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இது போதுமா? 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, அதன் வரம்புக்குட்பட்ட பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக நலத்துக்குச் செலவிட வேண்டுமென்றும், தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டுமென்றும் கூறுகிறது. நம்மைச் சுற்றித் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியே தேவைகளை முறையாக எழுதிக் கேட்கலாம்.

முடிவாக மூன்று காரியங்களை உங்களிடம் ஒப்படைக்கின்றேன். மே மாதத்தில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் பெற்று, ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் செல்லுங்கள். ஜூலைக்குள் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டோடு அதை ஒப்பிடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில், விடுபட்டோர் எத்தனை பேர், மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்னும் கணக்கை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். இதற்குத் தனி நிதி தேவையில்லை. நான்கு பேர் இரண்டு மாலை நேரம் நடந்தால் போதும்.

இவ்வாண்டு நம் வட்டாரத்தில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒன்றேனும் கணக்கிலிருந்து நழுவாதபடி காப்பீர்கள் என்று நம்பி விடைபெறுகின்றேன்.