சொல்லத் தெரியாத துயரம்

(பொம்மனஹள்ளியில் நடைபெற்ற சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆடலும் பாடலும் நிறைந்த இந்நன்னாளில் துயரத்தைப் பற்றிப் பேசுவது முறையாகுமா எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், இவ்விழாவிற்கு வர இயலாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. அறிவு வளர்ச்சி குன்றிய மகனையோ தங்கையையோ தனியே விட்டுவர அவர்கட்கு மனம் வருவதில்லை. அவர்களை நினைந்தே இப்பொருளை எடுத்துக் கொண்டோம்.

மனக்காயம் என்பது யாது? 1991ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரிப் பூசலை ஒட்டி இந்நகரில் நிகழ்ந்த கலவரத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆபத்து நீங்கிய பின்னும் அச்சம் உடனே நீங்கிவிடுவதில்லை. தெருவில் கூச்சல் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் கலைகிறது, பழைய காட்சி கண்முன் வந்து நிற்கிறது. இதுவே மனக்காயம். நாம் அதனை மற்றவரிடம் சொல்லுகின்றோம். சொல்லச் சொல்லப் பாரம் குறைகிறது. இதற்கான மருத்துவமும் பெரும்பாலும் சொல்லையும் நினைவையும் அடிப்படையாகக் கொண்டது. அங்ஙனமாயின், சொல்லத் தெரியாதவர் என்ன செய்வார்?

அவர் உடலால் சொல்லுகிறார். நேற்றுவரை குளித்தவர் இன்று குளியலறையைக் கண்டாலே அலறுகிறார். பேருந்தில் ஏற மறுக்கிறார். தலையைச் சுவரில் மோதுகிறார். படுக்கையை நனைக்கிறார். நாமோ, "பிடிவாதம், அவன் எப்போதும் அப்படித்தான்" என்று கூறிவிடுகின்றோம். குறைபாட்டின் நிழல் விழுந்து நோய் மறைந்துபோகும் இப்பிழையை அமெரிக்க உளவியலறிஞர் ஸ்டீவன் ரைஸ் முதலானோர் 1982ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். மருத்துவரும் இப்பிழைக்கு ஆளாவதுண்டு. அப்போது துயரத்திற்கு மருந்து கிடைப்பதில்லை. உறங்கவைக்கும் மாத்திரை மட்டுமே கிடைக்கிறது.

இவர்களது காயத்திற்குக் காரணங்கள் பல. ஏளனம், அடி உதை, பாலியல் வன்கொடுமை ஆகியவை கொடியவை. அன்பினால் நாம் செய்வதும் சில வேளை காயமாகிவிடுகிறது. தாய் இறந்தால், "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்கின்றோம். நாற்பது வயது மகன் நாள்தோறும் வாயிற்படியில் காத்திருக்கிறான். அவனுக்குத் தெரியாது என எண்ணுகின்றோம். வீட்டில் ஏதோ நேர்ந்துவிட்டது என்பது மட்டும் அவனுக்குத் தெரிகிறது.

இவர்களுக்கும் மனக்காயச் சிகிச்சை பயன்படுமா? பயன்படும் என்றே அறிஞர் கூறுகின்றனர். ஆனால் மனிதரைச் சிகிச்சைக்கு ஏற்ப வளைக்காமல், சிகிச்சையை மனிதருக்கு ஏற்ப மாற்றவேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1987ஆம் ஆண்டில் பிரான்சின் ஷாப்பிரோ என்னும் அம்மையார் தொடங்கிய 'இ.எம்.டி.ஆர்.' முறையில், நோயாளி துன்ப நினைவை மனத்தில் கொண்டவாறே மருத்துவரின் விரலசைவைக் கண்ணால் தொடர்கிறார். தம் வேதனையைச் சுழியம் முதல் 10 வரை அளவிட்டும் கூறவேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2013ஆம் ஆண்டில் பரிந்துரைத்த முறைகளுள் இதுவும் ஒன்று. நெதர்லாந்தில் லீஸ்பெத் மெவிசன் முதலியோர் இதனை அறிவுக் குறைபாடு உடையவர்க்கும் பயன்படுத்தி, பயன் கண்டதாக 2011ஆம் ஆண்டில் எழுதினர். இன்றளவும் இத்துறையில் ஆய்வுகள் சிறிய அளவினவே. எனினும் வழி புலப்பட்டுவிட்டது.

மாற்றங்கள் எளியவை. எண்ணால் அளக்க இயலாதவர் இரு கைகளை அகல விரித்தோ, முகப்படங்களைத் தொட்டோ வேதனையின் அளவைக் காட்டலாம். கண்ணசைவு கடினமாயின் உள்ளங்கையில் மெல்லத் தட்டலாம். சொற்கள் குறுகியவையாக இருத்தல் வேண்டும். அமர்வுகளும் குறுகியவையாக, பலவாக அமையவேண்டும். இங்கிலாந்தில் ஷீலா ஹாலின்ஸ் அம்மையார் 1989 முதல் சொற்களே இல்லாத படக்கதை நூல்களை வெளியிட்டு வருகிறார். சாவும் வன்கொடுமையும்கூட அவற்றில் படங்களாகவே விளக்கப்படுகின்றன. நம்பிக்கைக்குரிய ஒருவர் உடனிருத்தல் நன்று. அவர் யார் என்பதை நோயாளியே தெரிவுசெய்ய வேண்டும். துன்புறுத்தியவர் வீட்டிற்குள்ளேயே இருக்கவும் கூடும் அன்றோ! "அவன்தானே அடித்தான்?" என்று கேட்டலும் ஆகாது; எதற்கும் 'ஆம்' எனத் தலையசைப்பது இவர்களுள் பலரது பழக்கம். "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

நம் சட்டமும் இவ்வழியிலேயே செல்கிறது. சண்டிகரில் அரசு காப்பகம் ஒன்றில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற பெண் ஒருவரின் வழக்கில், அறிவுக் குறைபாடு உடையவர் என்பதற்காக அவர் விருப்பத்தைப் புறக்கணித்துக் கருவைக் கலைத்தல் ஆகாது என உச்சநீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், இத்தகையோர் பாலியல் குற்றம் குறித்து முறையிடும்போது, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் துணையுடன், அவர் விரும்பும் இடத்திற்கே சென்று காவல்துறை வாக்குமூலம் பெறவேண்டும் என்றது. காவல்துறையே வீடு தேடி வரவேண்டும் எனச் சட்டம் கூறும்போது, உறவினராகிய நாம் விலகி நிற்கலாமா?

நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. நம் ஓசூர்ச் சாலையிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அறிவுக் குறைபாடுடைய குழந்தைகளுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துப் பயிற்றும் முறையை வளர்த்த நிறுவனம் அது. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையில், 14416 என்னும் எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

இங்கேதான் தமிழ்ச் சங்கத்திற்கு ஒரு கடமை இருக்கிறது. அண்ணன் கன்னடமும் ஆங்கிலமும் கற்று வேலைக்குச் செல்கிறான். தம்பிக்கோ வீட்டில் கேட்டுப் பழகிய தமிழன்றி வேறு மொழி தெரியாது. அவனுடைய அச்சத்திற்கும் அத்தமிழே மொழி. மருத்துவரிடம் செல்லும்போது அவனுடைய நூறு சொற்களையும், ஒவ்வொன்றிற்கும் அவன் கொள்ளும் பொருளையும் எழுதிக்கொண்டு உடன்செல்ல ஒருவர் வேண்டும். தாய் கடைக்குச் செல்லும் ஒரு மணி நேரம் அவனருகில் அமர ஒருவர் வேண்டும். இவ்விரு பணிகட்கும் பெயர் தருவோரின் பட்டியல் ஒன்றைச் சங்கம் இவ்வாண்டே தொடங்கவேண்டும் என வேண்டுகின்றோம்.

தமிழைக் காப்பதற்கெனக் கூடியவர்கள் நாம். சில சொற்களே உடைய ஒருவரின் தமிழைப் பொறுமையோடு கேட்பதும் அக்காப்பில் அடங்கும். அடுத்த ஆண்டு விழாவில் அக்குடும்பங்களும் நம்மோடு இவ்வரங்கில் அமர்ந்திருக்கட்டும்.