வேதத்தில் விளங்காத இரண்டு இடங்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



கல்விக்கெனத் தோன்றிய கழகத்தின் விழாவில் வேதநூலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். நம்முள் கிறிஸ்தவ ஆலயத்திற்குச் செல்வோர் உண்டு. கோயிலுக்குச் செல்வோர் உண்டு. புத்தரின் நெறியை ஏற்றோரும், எந்நெறியும் வேண்டா என்போரும் உண்டு. நாம் இங்குச் சமயம் பரப்ப வரவில்லை. ஒரு நூலைத் தாமே படிக்க இயலாத மக்களுக்குப் பிறர் அதைப் படித்துக் காட்டினால் என்ன நேரும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதற்குக் கிறிஸ்தவ வேதத்திலிருந்து இரண்டு இடங்களைக் காட்டுவோம். இரண்டும் படிப்போரைத் திகைக்க வைப்பவை. இரண்டும் அடிமைகளின் கழுத்தில் நுகத்தடியாக வைக்கப்பட்டவை.

முதலாவது, ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தின் பின்பகுதி. பெருவெள்ளம் வடிந்தபின் நோவா திராட்சைத் தோட்டம் இடுகிறார். அதன் இரசத்தைப் பருகி, வெறிகொண்டு, கூடாரத்திற்குள் ஆடை விலகிக் கிடக்கிறார். மகன் காம் அதைக் கண்டு, வெளியே நின்ற சகோதரர் இருவரிடமும் சொல்கிறான். சேமும் யாப்பேத்தும் ஓர் ஆடையைத் தோளில் தாங்கி, பின்புறமாகவே நடந்து சென்று தந்தையை மூடுகின்றனர். வெறி தெளிந்து எழுந்த நோவா சாபமிடுகிறார். அச்சாபம் யார்மேல் விழுகிறது? பார்த்த காமின்மேல் அன்று. அவன் மகன் கானானின்மேல்! அவன் தன் உறவினருக்குக் கடைப்பட்ட அடிமையாக வேண்டுமாம்.

பார்த்தது ஒருவன், தண்டனை அவன் பிள்ளைக்கு. இது என்ன நீதி என்று கேட்காத வாசகர் இருக்க முடியாது. கேட்கவும் வேண்டும்.

ஆனால் அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் அடிமைகளை வைத்திருந்தோர் இக்கேள்வியைக் கேட்கவில்லை. காமின் வழிவந்தோரே ஆப்பிரிக்கர் என்றும், அவர்கள் அடிமைகளாக இருப்பது அன்றே விதிக்கப்பட்டது என்றும் மேடைகளிலும் ஆலயங்களிலும் முழங்கினர். 1861ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள், பிரிந்துபோன தென் மாநிலங்களின் துணைத் தலைவரான அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானா நகரில் ஆற்றிய உரையிலும் கானானின் சாபம் இடம்பெற்றது. ஓர் அரசின் அடித்தளத்தையே விளக்கவந்த உரை அது!

இனி, அந்த அதிகாரத்தை நாமே திறந்து பார்ப்போம். தோலின் நிறத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. காமுக்கு நான்கு மக்கள்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். ஆப்பிரிக்காவோடு தொடர்புடையவை முதல் மூன்று பெயர்கள். கூஷ் எனப்படுவது எகிப்துக்குத் தெற்கே உள்ள நாடு, மிஸ்ராயீம் எகிப்தே. இம்மூவர்மேலும் சாபம் இல்லை. சபிக்கப்பட்ட கானானின் வழியினராகப் பத்தாம் அதிகாரம் அடுக்கும் சீதோன், எபூசியர், எமோரியர் முதலியோர் பாலஸ்தீனத்திலும் அதன் அண்டையிலும் வாழ்ந்தவர்கள். ஆக, ஆப்பிரிக்கரை விலங்கிடக் கொண்டுவரப்பட்ட சாபம் ஆப்பிரிக்கரைத் தொடவே இல்லை.

இன்னொன்றையும் காண்க. அங்கே பேசுபவர் யார்? கடவுள் அல்லர். குடிமயக்கம் தெளிந்து எழுந்த முதியவர் ஒருவர். கடவுள் பேசுவது அதே அதிகாரத்தின் தொடக்கத்தில். அங்கே அவர் நோவாவையும் அவர் மக்களையும் ஆசீர்வதிக்கிறார். அம்மக்களுள் காமும் ஒருவன். பிற்காலத்தில் இஸ்ரவேலர் கானானியரோடு பகைகொண்டு வாழ்ந்ததன் சுவடே இக்கதை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அப்படியாயின் ‘கானானின் தகப்பனாகிய காம்’ என்று நூல் அழுத்திச் சொல்வதற்கும் காரணம் விளங்குகிறது. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி வெளிப்படையாகவே மறுத்துரைக்கிறார். எனவே வேதமே வேதத்தோடு வழக்காடுகிறது எனலாம். அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, எழுத்தாளராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன் வரலாற்றில் இச்சாபத்தைக் கிண்டலோடு எதிர்கொள்கிறார். வெள்ளை எசமானர்களே அடிமைப் பெண்களிடம் பிள்ளைகளைப் பெற்றுப் பெருக்குகின்றனர். அப்பிள்ளைகளின் தந்தைவழி காமின் வழியன்றே. பிறகு எந்த வேதத்தின்படி அவர்களை அடிமையாக வைப்பீர் என்பது அவர் வாதம். விடை சொல்ல எவராலும் இயலவில்லை.

கூஷ் நாட்டார் ஒருவரைப் பற்றி எரேமியா முப்பத்தெட்டாம் அதிகாரம் கூறுவதை இளைஞர்கள் வீட்டிற்குச் சென்று படியுங்கள். தீர்க்கதரிசியைச் சேறு நிறைந்த துரவில் தள்ளிச் சாகவிட்டபோது, அரசனிடம் துணிந்து முறையிட்டு அவரை மீட்டவன் எபெத்மெலேக்கு என்னும் அக்கருநிறத்தான். கயிறு அக்குளை அறுக்காதபடி கந்தைத் துணிகளையும் தேடி இறக்கினான். சாபத்தைப் பற்றிப் பேசியோர் இந்தக் கந்தைத் துணிகளைப் பற்றி ஏனோ பேசவில்லை.

பிறப்பிலேயே ஒருவனைத் தாழ்த்திவைக்கும் கதை நமக்குப் புதியதா? முகத்திலும் தோளிலும் தொடையிலும் பாதத்திலும் மனிதர் தோன்றினர் என்ற கதையின் சுமையை நம் முன்னோர் சுமந்தனர். அக்கதைகளை மராட்டிய மண்ணில் கேள்விக்கு உட்படுத்திய சோதிராவ் புலே, 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, நீக்ரோ அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். கடல் கடந்த அவ்வுறவை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

இரண்டாவது இடத்திற்கு வருவோம். பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபம் ஒரே அதிகாரம்; இருபத்தைந்தே வசனங்கள். பிலேமோன் ஓர் எசமானன். அவனைவிட்டுப் பிரிந்து வந்த அடிமை ஒநேசிமு, சிறையிலிருந்த பவுலைச் சேர்ந்து கிறிஸ்தவனாகிறான். பவுல் அவனை எசமானனிடமே திருப்பி அனுப்புகிறார். ஏன் அனுப்பினார்? நம் உள்ளம் கொதிக்கும் இடம் இது.

1833ஆம் ஆண்டு, ஜார்ஜியா மாநிலத்தின் லிபர்ட்டி மாவட்டத்தில் (பெயரின் பொருள் ‘விடுதலை’ என்பதை என்னென்பது!) சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் என்னும் போதகர் அடிமைகளின் கூட்டத்தில் இந்நிருபத்தைக் கொண்டு பிரசங்கித்தார். அவரும் அடிமைகளை உடையவரே. தப்பியோடுவது பாவம் என்று பவுலின் பெயரால் அவர் கண்டித்தபோது, கேட்டிருந்தோரில் பாதிப்பேர் எழுந்து வெளியேறினர். எஞ்சியோருள்ளும் பலர் முகம் சுளித்தனர். அப்படியொரு நிருபம் வேதத்தில் இல்லவே இல்லை என்று சிலர் உறுதியாகச் சொல்லிவிட்டனர். இதை எழுதிவைத்தவர் அப்போதகரே.

நிருபம் வேதத்தில் இருந்தது உண்மை. ஆனால் அதைச் சரிபார்க்க அம்மக்களுக்கு வழி ஏது? அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை ஜார்ஜியா 1829லேயே சட்டத்தால் தடுத்திருந்தது. 1807இல் இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென வேதப் பகுதிகள் ‘தெரிந்தெடுத்து’ அச்சிடப்பட்டன. மோசே தம் மக்களை எகிப்திலிருந்து மீட்ட வரலாறு அதில் இல்லை. எசமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பகுதி உண்டு. எதை வெட்டினால் தமக்கு நல்லது என்பதை வெட்டியவர்கள் நன்கு படித்தே அறிந்திருந்தனர்.

ஹோவர்ட் தர்மன் என்னும் கறுப்பின அறிஞர் 1949இல் எழுதிய ஒரு நூல், அவர் இலங்கைக்கு வந்தபோது கொழும்பில் ஒருவர் தொடுத்த கேள்வியோடு தொடங்குகிறது. அதில் தம் பாட்டியாரைப் பற்றிச் சொல்கிறார். அடிமையாகப் பிறந்த அம்மூதாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பேரன் அவருக்கு வேதம் வாசித்துக் காட்டுவான். ஆனால் பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய அந்த ஓர் அதிகாரத்திற்கு மட்டும் எப்போதாவது இசைவு. காரணம், எசமானன் அழைத்துவந்த போதகர் கீழ்ப்படிதலையே திரும்பத் திரும்ப ஓதியதுதான். விடுதலை பெற்றால் அப்பகுதியைத் தொடுவதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தார். எழுத்தறியாத அப்பாட்டியை நாம் சிறந்த வாசகி என்றே கொள்வோம்.

எனினும் அவர் மூடிய ஏட்டை நாம் திறக்கலாம். நமக்குக் கண் இருக்கிறது. விடுதலை செய் என்று பவுல் நேரே எழுதவில்லை. இதை மழுப்பக் கூடாது. அடிமை நிறுவனத்தை எதிர்த்து ஒரு வரிகூட இல்லை என்பது அந்நிருபத்தின் குறையே. ஆனால் என்ன எழுதினார்? இனி அவனை அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். கடன் பட்டிருந்தால் என் கணக்கில் வை என்று கைப்பட உறுதி தருகிறார். மடல் பிலேமோனுக்கு மட்டும் அன்று. அவன் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. எல்லார் செவியிலும் விழுந்த பின் எசமானன் எப்படிச் சவுக்கை எடுப்பான்? இந்த வசனங்களை அடிமைகளுக்கு அழுத்திச் சொன்ன போதகர் எத்தனை பேர்? தப்பிவந்த அடிமையை எசமானனிடம் ஒப்படைக்காதே, அவன் விரும்பிய இடத்தில் வாழவிடு என்னும் உபாகமம் இருபத்துமூன்றாம் அதிகாரச் சட்டத்தை எடுத்துக்காட்டியவர் எத்தனை பேர்?

நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் ‘வேலைக்காரரே’ என்று விளிக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ளது ‘அடிமைகளே’ என்னும் சொல். ஒரு சொல்லில் வேதனை மென்மையாகிவிடுகிறது. இதற்கு மொழியறிவு வேண்டும். நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் கிரேக்கமும் எபிரெயமும் கற்க இக்கழகம் உதவித்தொகை ஏற்படுத்தலாகாதா எனச் செயற்குழுவை இம்மேடையிலிருந்தே கேட்கிறோம்.

ஒநேசிமுவின் கதை எவ்வாறு முடிந்தது என நிருபம் சொல்லவில்லை. முடிவுக்கு அருகில் ஒரு சிறு வேண்டுகோள் மட்டும் உண்டு. தாம் விடுதலையாகி வரக்கூடும். தங்குவதற்கு ஓர் இடத்தை ஆயத்தம் செய்துவை என்கிறார் பவுல். வந்தால் அவ்வீட்டில் முதலில் யாரைத் தேடுவார் என்பது பிலேமோனுக்குத் தெரியும்.