உட்பொதிந்த உழைப்பு

(திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே,

மின்மீட்டர், இரத்த அழுத்தமானி, வாகனத்தின் பிரேக் ஆகிய எல்லாவற்றுள்ளும் இன்று ஒரு சிறு கணினி அமர்ந்திருக்கிறது. அதனை ‘எம்பெடட் சிஸ்டம்’ என்பர். ‘உட்பொதி அமைப்பு’ என மொழிபெயர்க்கையில் ஓர் உண்மை புலப்பட்டது: உள்ளே பொதிந்திருப்பது சில்லு மட்டுமன்று, பொறியாளரின் உழைப்புமாகும். பண்டத்தில் உறைந்த உழைப்பு என்று மார்க்ஸ் சொன்னது இதனையே.

இத்துறையில் இந்நகருக்குப் பொதுத்துறை மரபு உண்டு. 1973இல் கெல்ட்ரான் தோன்றியது. 1990இல் நாயனார் அரசின் காலத்தில் டெக்னோபார்க் எழுந்தது. உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியில் ‘வேகா’ நுண்செயலிகளை வடிவமைத்தது இங்குள்ள சி-டாக்.

ஆயினும் தனியார் நிறுவனப் பொறியாளர்கள் பலர், “நாங்கள் தொழிலாளர் அல்லர்” என்கின்றனர். அவர்களது வாழ்வோ வேறு சொல்கிறது. சர்க்யூட் பலகை தாமதமாக வரும். பொருளை ஒப்படைக்கும் நாள் மாறாது. இடைவெளியைத் தம் இரவுகளால் ஈடுசெய்பவர் அவரே. அதற்கு மிகைநேர ஊதியமும் இல்லை.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் தொழில்நுட்பப் பணி புரிவோரையும் தொழிலாளராகவே வரையறுத்தது. ‘டீம் லீடர்’ போன்ற பட்டங்களோ அவர்களை நிர்வாகத்தின் பக்கம் நிறுத்திக் காட்டுகின்றன.

பட்டத்தை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது கூலியுழைப்பே. அவர்களோடு உரையாடுவோம், தோழர்களே. எட்டு மணி நேரத்திலிருந்து தொடங்குவோம்.