கட்டுச்சோறு இல்லாத பயணம்



தொலைவழி செல்வோர் கட்டுச்சோறு கொண்டு செல்வது நம் நாட்டுப் பழைய வழக்கம். விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறி, வாழையிலையில் பொதிந்து, துணியில் முடிந்து கொடுத்தனுப்புவார்கள் நம் வீட்டுப் பெண்மக்கள். அந்த மூட்டை கையில் இருந்தால், வழியில் எவர் வாயிலிலும் நின்று எதுவும் கேட்க வேண்டியதில்லை. பசியைத் தீர்ப்பதோடு மானத்தையும் காக்கும் ஏற்பாடு அது. ஆயினும், அந்த மூட்டையை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு நடந்தவர்கள் சிலர் உண்டு. ஒரு பொதுநலம் கருதி நெடுந்தொலைவு நடந்த அவர்கள், வழியில் முன்பின் அறியாதார் இடும் சோற்றையும், காட்டும் இடத்தையும் நம்பியே புறப்பட்டார்கள். அவர்களைப் பற்றியும், அவர்களை விடவும் அவர்களுக்குச் சோறிட்டவர்களைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

கேட்பது எளிய செயல் அன்று. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதே வள்ளுவர் பொருட்பாலில் ‘இரவு’ என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே ‘இரவச்சம்’ என்று மற்றோர் அதிகாரமும் வைத்திருப்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. ஒன்றில் இரத்தலுக்கும் ஒரு நெறி உண்டு என்று காட்டுகிறார். அடுத்ததில் இரக்க நேர்வதை எண்ணியே நடுங்குகிறார். கொடுப்பவன் கை உயர்ந்திருக்கிறது. ஏற்பவன் கை தாழ்ந்திருக்கிறது. அந்தத் தாழ்வை ஒருவன் தானே விரும்பி ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், அதற்குத் தகுந்த காரியம் ஒன்று அவன் முன் இருக்க வேண்டும் அல்லவா?

அத்தகைய காரியம் ஒன்று நம் சோழநாட்டுச் சாலையிலேயே நடந்தது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டு அன்று, ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கிப் புறப்பட்டார்கள். உப்புச் சட்டத்தை மீறி உப்பெடுப்பது அவர்கள் நோக்கம். தொலைவு ஏறக்குறைய 150 மைல். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியே பதினைந்து நாள் நடை. அதுவும் சித்திரை வெயிலில். ராஜாஜிக்கு அப்போது வயது 51. நாமக்கல் கவிஞர் இயற்றிக் கொடுத்த நடைப்பாட்டைப் பாடிக்கொண்டு அவர்கள் நடந்தார்கள்.

அந்நாளில் தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் தோர்ன் என்னும் ஆங்கிலேயர். கூர்ந்த அறிவுடையவர் என்றே சொல்ல வேண்டும். நடப்பவர்களை அடித்துத் தடுப்பதைக் காட்டிலும், அவர்களுக்குச் சோறிடுவோரை அச்சுறுத்துவது எளிது என்று அவர் கண்டார். தொண்டர்களுக்கு உணவோ தங்குமிடமோ அளிப்பவர்களுக்குச் சிறையும் அபராதமும் கிடைக்கும் என்று ஊரெங்கும் அறிவிக்கச் செய்தார். சிறை ஆறு மாதம் வரை. நூறு பேர் பசித்தால் நடை தானே நின்றுவிடும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு பொய்த்தது. ஊரார் தம் வீட்டுக்குள் எவரையும் அழைக்கவில்லை. ஆனால் தொண்டர்கள் வரும் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் இளைப்பாறியபோது, மணலில் சோற்றுப் பாத்திரங்கள் புதைக்கப்பட்டிருந்த இடங்களுக்கு அடையாளம் வைக்கப்பட்டிருந்தது. சமைத்தவர் யார், கட்டியவர் யார், மரமேறியவர் யார் என்று காவலர் கேட்டால் எவருக்கும் தெரியாது. பெயரில்லாத கைகள் இட்ட சோறு அது.

மறைவாகக் கொடுத்தவர்களைப் போலவே வெளிப்படையாகக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் இல்லத்திலேயே தொண்டர்களுக்கு விருந்து படைத்தார். அவருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. வேதாரணியத்தில் அவர்களுக்குப் பாசறை அமைத்துக் கொடுத்த வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். ஏப்ரல் 28-ஆம் நாள் தொண்டர்கள் வேதாரணியம் சேர்ந்தார்கள்; இரண்டு நாள் கழித்து உப்பெடுத்த ராஜாஜி கைதானார்.

உப்பு சத்தியாக்கிரகம் என்றவுடன் நாம் ஒரு பிடி உப்பை நினைக்கிறோம். நான் மாணவர்களுக்கு அப்பாடத்தைச் சொல்லும்போதெல்லாம் அந்தச் சோற்றுப் பொட்டலத்தையும் சேர்த்தே சொல்வேன். உப்பெடுத்தவர்கள் சிறைக்குத் துணிந்து பெயர் கொடுத்து வந்தவர்கள். சோறு கட்டியவர்களோ எதற்கும் பெயர் கொடுக்காதவர்கள். அன்று மாலை வரை தம் வயல், தம் மாடு, தம் பிள்ளைகள் என்று இருந்தவர்கள். முகமறியாத நூறு பேர் பசியோடு வருகிறார்கள் என்று கேட்டவுடன், ஆறு மாதச் சிறையை ஒரு பக்கமும் ஒரு படிச் சோற்றை மறு பக்கமும் வைத்து நிறுத்துப் பார்த்தார்கள். சோற்றின் பக்கம் தாழ்ந்தது. விருந்தோம்பல் என்ற சொல்லுக்கு இதனினும் எடையுள்ள பொருள் எனக்குத் தெரியவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு, வேறொரு பெருநடை தொடங்கிற்று. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், தெலங்கானாவில் போச்சம்பள்ளி என்னும் சிற்றூரில், நிலமற்ற அரிசன மக்களுக்காக வினோபா பாவே நிலம் கேட்டார். இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து நூறு ஏக்கர் தருவதாகச் சொன்னார். அன்று பிறந்தது பூதான இயக்கம். அதன் பின் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வினோபா இந்தியாவைக் காலால் அளந்தார். 1956-இலும் 1957-இலும் தமிழகத்து ஊர்களிலும் நடந்தார். நாள்தோறும் ஓர் ஊர். அவ்வூரார் தரும் இடமே வீடு. நாடெங்கும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக எழுதப்பட்டது. அவற்றுள் பெரும்பகுதி உழுபவன் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். எழுதிக் கொடுத்த கை வேறு, அளந்து கொடுக்க வேண்டிய கை வேறு; இரண்டாவது கை பல இடங்களில் சோர்ந்துவிட்டது. எனினும், ஒரு மனிதர் வெறுங்கையோடு நடந்து வந்து கேட்டால் நிலத்தையும் தர மனம் வரும் என்பதை உலகம் அன்று கண்டது.

அந்த வினோபாவிடம் இரண்டு இளைஞர்கள் வாழ்த்துப் பெறச் சென்றார்கள். ஒருவர் இராஜஸ்தானத்துச் சதீஷ் குமார். மற்றவர் கேரளத்து ஈ. பி. மேனன். அணுகுண்டை எதிர்த்து, தில்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், இலண்டன், வாஷிங்டன் ஆகிய நான்கு தலைநகரங்களுக்கும் செல்வது அவர்கள் திட்டம். வினோபா கூறிய அறிவுரை வியப்பானது: கையில் காசு கொண்டு போக வேண்டாம் என்றார். காசு இருந்தால் களைத்த மாலையில் உணவு விடுதியைத் தேடிப் படுத்துவிடுவீர்கள். காசு இல்லையேல் மனிதரைத் தேடிப் போயாக வேண்டும், அவர்களோடு பேசியாக வேண்டும் என்பது அவர் கருத்து.

1962-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் காந்தியடிகளின் சமாதியிலிருந்து அவர்கள் புறப்பட்டார்கள். பாகிஸ்தான் எல்லையில் ஒரு நண்பர் கண்ணீரோடு உணவுப் பொட்டலங்களை நீட்டினார். பிரிவினையின் காயம் ஆறாத காலம் அது. அப்பால் யார் சோறிடுவார் என்று அவர் அஞ்சினார். சதீஷ் குமார் அதை வாங்க மறுத்தார். இது உணவுப் பொட்டலம் அன்று, அவநம்பிக்கைப் பொட்டலம் என்று சொன்னாராம். எல்லையைக் கடந்தவுடன், இவர்கள் வரவைக் கேள்வியுற்ற பாகிஸ்தானியர் ஒருவர் அவர்களைத் தேடி வந்து விருந்தினராக அழைத்துச் சென்றார். அந்நாளைய சோவியத் நாட்டில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் அவர்களை அழைத்து உபசரித்து, நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொடுத்தனுப்பினார்கள். நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் ஒவ்வொன்று. குண்டு வீச மனம் எழும்போது, சற்று நின்று ஒரு கோப்பைத் தேநீர் அருந்துங்கள் என்பது அத்துடன் அவர்கள் சொல்லியனுப்பிய செய்தி. இடையில் கடலைக் கப்பலில் கடந்தது நீங்கலாக, ஏறத்தாழ 8000 மைல் பயணம், 1964-இல் முடிந்தது. வழியெங்கும் சோறும் துணியும் படுக்கையும் இட்டவர்கள் அயலாரே.

நம் புதுவை நகருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. நடந்து வந்தவர்கள் அல்லரெனினும், அயலார் அன்பை நம்பி வந்தவர்களை இவ்வூர் ஏற்றிருக்கிறது. 1908-இல் பாரதியார் வந்தார். பத்தாண்டு இங்கே வாழ்ந்தார். 1910 ஏப்ரல் 4-ஆம் நாள் அரவிந்தர் வந்தார். சங்கர செட்டியார் தம் வீட்டின் மேல்மாடியை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார். பின்னர், வெளியூரார் இங்கே தங்க வேண்டுமாயின் உள்ளூர்ப் பெருமக்கள் ஐவர் சான்றளிக்க வேண்டும் என்று பிரெஞ்சு அரசு விதித்தபோது, கையெழுத்திட ஐவர் முன்வந்தார்கள். தெருமுனையில் ஆங்கிலேய ஒற்றர் நின்று பெயர் குறித்துக்கொண்டிருந்த காலத்தில் இட்ட கையெழுத்துகள் அவை.

இந்த மனப்பான்மை நம் வீடுகளின் கட்டடத்திலேயே இருந்தது. வைசியாள் வீதி போன்ற தமிழர் தெருக்களில் பழைய வீடுகளைப் பாருங்கள். தெருவை ஒட்டித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, அதன் பின்பே கதவு. தாழ்வாரம் வழிப்போக்கனின் வெயிலுக்கும் மழைக்கும். திண்ணை அவன் உட்காரவும் படுக்கவும். வீட்டுக்காரர் உள்ளே கதவைத் தாழிட்டு உறங்கலாம். அயலான் வெளியே கூரையின் கீழ் உறங்கலாம். அன்புக்கும் எச்சரிக்கைக்கும் தனித்தனியே இடம் வகுத்திருந்தார்கள் நம் முன்னோர். இன்று பெரும்பாலான திண்ணைகள் கம்பி வலைக்குள் அடங்கிவிட்டன. புதிய வீடுகளில் திண்ணையே இல்லை.

ஆனால் நடப்பவர்கள் நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியில், வேளாங்கண்ணித் திருவிழாவுக்காகக் காவியுடை அணிந்து சென்னையிலிருந்து வரும் அடியார்களை நீங்கள் கடற்கரைச் சாலையில் கண்டிருப்பீர்கள். 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை, புதுவை நடுவழி. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி அச்சாலைக்கு அருகில் இருந்தது. ஒரு நாள் மாலை, ஏறத்தாழ இருபது பேர் கொண்ட குழு வந்து இரவு தங்க இடம் கேட்டது. ஆசிரியர் ஒருவர், “ஐயா, ஏதேனும் காணாமற் போனால் பொறுப்பு யாருடையது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளியின் பொருள் என்னுடையதன்று. அதனைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆயினும், கால் வீங்கிய மூதாட்டி ஒருவர் அக்குழுவில் இருந்தார். அவரை வாயிலிலிருந்து திருப்பி அனுப்பவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

வகுப்பறைகளைப் பூட்டினோம், தாழ்வாரத்தைத் திறந்துவிட்டோம். அவர்கள் பெயரையும் ஊரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாங்கினோம். காவற்காரர் உடனிருந்தார். குடிநீர்க் குழாயையும் கழிப்பிடத்தையும் காட்டினோம். எங்கள் சத்துணவுக்கூடத்து அம்மையார், எவரும் சொல்லாமலே, தம் வீட்டிலிருந்து ஓர் அண்டா நிறையச் சுடுநீர் கொண்டுவந்தார், கால்களுக்கு ஒற்றடம் கொடுக்க. விடியற்காலை நான் சென்றபோது அவர்கள் புறப்பட்டுப் போயிருந்தார்கள். தாழ்வாரம் பெருக்கப்பட்டுத் தண்ணீர் தெளிக்கப்பட்டிருந்தது. இரவு காவற்காரரிடம் அவர்கள் கேட்டு வாங்கிய ஒரே பொருள் துடைப்பம். அடுத்த ஆண்டு முதல் அக்கேள்வியைக் கேட்ட ஆசிரியரே அக்குறிப்பேட்டை எடுத்து வைப்பார்.

இவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்பவனுக்கும் கடமை உண்டு. இட்டதை உண்ண வேண்டும், குறை சொல்லலாகாது, தங்கிய இடத்தைத் தூய்மையாக விட்டுச் செல்ல வேண்டும், அடுத்து வருபவனுக்குக் கதவு மூடிவிடாதபடி நடந்துகொள்ள வேண்டும். வெறுங்கையோடு நடப்பவன் தனக்குப் பின் வரும் எல்லா வழிப்போக்கருடைய மானத்தையும் சேர்த்துச் சுமக்கிறான். கொடுப்பவனுக்கும் ஒன்று சொல்வேன். அயலானை ஐயுறுவது பாவம் என்று நான் கூறவில்லை. ஐயம் அறிவின் ஒரு பகுதியே. அந்த ஐயத்தைத் தாழிட்ட கதவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; தாழ்வாரம் வரை நீட்டாதீர்கள். ஒரு செம்புத் தண்ணீர், ஒரு நிழல், வழி கேட்டால் தெளிவான விடை இவற்றைக் கொடுத்ததால் எவர் வீட்டிலும் களவு போனதில்லை.

1930-இல் சோறு கொடுத்தால் ஆறு மாதச் சிறை என்று சட்டம் மிரட்டிற்று. அப்போதும் மரக்கிளைகளில் சோறு தொங்கியது. இன்று நம்மைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை. வரும் ஆகஸ்டுத் திங்களில் அந்தச் சாலையில் மீண்டும் கால்கள் வரும். அவர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று கேட்பதற்கு முன், தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்.