கணிப்பொறிக்கு ஒரு கூடு



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் கடந்து மேலே வந்தால், ஏற்காட்டை அடுத்து மஞ்சக்குட்டை என்னும் சிற்றூர். காப்பித் தோட்டங்களும், மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களும், வாயிற்படிவரை வந்து நிற்கும் மூடுபனியும் அவ்வூரின் உடைமைகள். தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் வாழ்வது அங்கேதான். இத்தகைய ஊர்க்காரன் ஒருவன் கணிப்பொறிக்குப் பெட்டி செய்வதைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்குமேல் கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசிப் பழகியவன் நான். அரத்தையும் துளைக்கருவியையும் கையில் எடுத்தது அறுபது வயதைத் தாண்டிய பிறகே.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். மேசைக் கணிப்பொறியில் திரைக்கு அருகே நிற்கும் பெட்டியை நம்மவர் பலரும் 'சி.பி.யூ.' என்கின்றனர். உண்மையில் அப்பெயர், பெட்டியினுள்ளே ஒரு சிறு சதுர வில்லையாக அமர்ந்திருக்கும் செயலிக்கு உரியது. பெட்டியைக் கடைக்காரர் 'கேபினட்' என்பர். வீட்டைச் சுட்டிக்காட்டி வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? இதுவும் அதுபோன்றதே. இன்று நான் பேசப்போவது வீட்டைப் பற்றி.

என் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் பிள்ளைகள் சிலர் வந்து படிப்பதுண்டு. நாகலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வர விருப்பந்தான். ஆனால் மழைக்காலத்து மாலையில் மலைப்பாதையில் திரும்பிப் போவது எளிதன்று. பிள்ளைகள் கணிப்பொறியைத் தேடி வர இயலாவிட்டால், கணிப்பொறி பிள்ளைகளைத் தேடிப் போகலாமே என்று தோன்றிற்று. பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு போகும் அளவில் ஒரு பொறி இருந்தால் போதும். திரைக்கு அங்கங்கே உள்ள தொலைக்காட்சிப் பெட்டி உதவும்.

"மடிக்கணினி இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பீர்கள். 2011-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளை எங்கள் மலைப் பிள்ளைகளும் பெற்றிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று பழுதானால் அதன் அடிப்புறத்துத் திருகாணியைத் தொடவும் அவர்களுக்கு அச்சம். கண்ணால் பார்த்து, கையால் கழற்றி, மீண்டும் பூட்டத்தக்க பொறி ஒன்று வேண்டும் என்பது என் எண்ணம். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஆதாரக் கல்வியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அதைச் செய்துபார்க்கும் வாய்ப்பு ஓய்வுக்குப் பின்புதான் வந்தது.

பெட்டியின் அளவை முடிவுசெய்வது அதனுள்ளே வைக்கும் தாய்ப்பலகை. 1995-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையில் அப்பலகை 30.5 செ.மீ. நீளமும் 24.4 செ.மீ. அகலமும் உடையது. அதற்கேற்ற பெட்டி நாற்பது லிட்டர் அளவு இடத்தை அடைத்துக்கொள்ளும். 2001-இல் தைவான் நாட்டு வியா நிறுவனம், பக்கத்துக்கு 17 செ.மீ. கொண்ட சதுரப் பலகை ஒன்றை அறிமுகப்படுத்தியது. மினி ஐ.டி.எக்ஸ். என்பது அதன் பெயர். இச்சிறு பலகையின் நான்கு துளைகளும் பெரிய பலகையின் துளைகளில் நான்கோடு சரியாகப் பொருந்துமாறு அமைத்திருக்கிறார்கள். போட்டியிட்டு வணிகம் செய்யும் நிறுவனங்கள் துளைக் கணக்கில் ஒத்துப்போனதால் அல்லவா, யாரோ எங்கோ செய்த பலகையை மஞ்சக்குட்டையில் செய்த பெட்டியில் பூட்ட முடிகிறது!

சென்னை ரிச்சி தெருவில் அத்தகைய பலகை ஒன்றையும், உரிய செயலி முதலியவற்றையும் என் பழைய மாணவர் ஒருவர் வாங்கி அனுப்பினார். பெட்டிக்குச் சில்வர் ஓக் மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, காப்பிச் செடிக்கு நிழல் தருவதற்காக நடப்பட்ட மரம் அது. அறுத்து இழைத்தால் அழகிய ரேகை தோன்றும், கனமும் குறைவு. உள்ளளவு நீளம் 22, அகலம் 20, உயரம் 11 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

தச்சரிடம் அளவு சொன்ன கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. கம்பிகளைச் செருகும் வாய்கள் பலகையின் பின்விளிம்பில் இருக்கும். அதற்காகப் பெட்டியின் முதுகில் வெட்ட வேண்டிய திறப்பின் அளவை, '158.75 மில்லிமீட்டர், 44.45 மில்லிமீட்டர்' என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், தம் அளவுகோலைப் பார்த்தார், "ஐயா, இது ஆறேகால் அங்குலம், ஒன்றேமுக்கால் அங்குலம். இதற்கு இத்தனை புள்ளி எதற்கு?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மயிரிழை தவறவில்லை. அமெரிக்கர் அங்குலத்தில் வகுத்ததை நான் மில்லிமீட்டரில் படித்துத் தடுமாறியிருக்கிறேன்.

ஆனால் அவருக்கும் எனக்கும் சேர்ந்து ஒரு தவறு நேர்ந்தது. அத்திறப்பைச் சுற்றியுள்ள சுவர் ஒரு மில்லிமீட்டர் கனத்துத் தகடாக இருக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்திய மரமோ 12 மில்லிமீட்டர். செருகிகள் வாய்வரை எட்டவில்லை. அவர் உளி கொண்டு பின்சுவரைச் செதுக்கித் தள்ளி ஒருவாறு சமாளித்தார்.

பெட்டி முடிந்தது. மெருகெண்ணெய் பூசியதும் நகைப்பேழைபோல் இருந்தது. மின்சாரத்தை 19 வோல்ட்டாக மாற்றித் தரும் அடாப்டரையும் உள்ளேயே மறைத்துவிட்டேன். வெளியே ஒரு கறுப்புக் கட்டி தொங்குவது அழகன்று என்பது என் கருத்து. முன்புறம் 9 செ.மீ. விசிறி ஒன்று காற்றை உள்ளே தள்ளும். மற்றப் பக்கங்களில் துளை ஏதும் இல்லை.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நெடுநேரம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சார், உள்ளே போற காற்று எந்த வழியா வெளியே வரும்?" என்று கேட்டான்.

"நல்ல கேள்வி. நோட்டில் குறித்து வை, நாளை பார்ப்போம்" என்றேன். விடை தெரியாத ஆசிரியர்கள் கைக்கொள்ளும் பழைய உபாயம் அது. அந்த நாளை வரவேயில்லை.

சில வாரங்கள் பொறி நன்றாகவே ஓடிற்று. காரணம் என்னவென்றால், பிள்ளைகள் உள்ளே பார்க்க வேண்டும் என்பதற்காக மூடியைக் கழற்றிவைத்தே நாங்கள் அதைப் பயன்படுத்தி வந்தோம். ஜூன் மாதத்தில் ஒரு நாள், என்னிடம் படித்த பெண் ஒருத்தி தன் தந்தையுடன் வந்தாள். கல்லூரிச் சேர்க்கைக்கு இணையத்தின் வழியே விண்ணப்பிக்கக் கடைசி நாள் அது. வெளியே மழை. விருந்தாளிக்கு முன்னால் பெட்டி முழுமையாய் இருக்கட்டும் என்று மூடியை நானே பூட்டினேன். பாதிப் படிவம் முடிந்தது. சான்றிதழ்ப் படங்களை ஏற்றத் தொடங்கியபோது திரை இருண்டது. மீண்டும் இயக்கினோம். முன்னிலும் விரைவாக அணைந்தது. மூன்றாம் முறை பார்க்க அவளுடைய தந்தைக்குப் பொறுமையில்லை, இருக்கவும் நியாயமில்லை. "பரவாயில்லைங்க சார், சேலத்துக்கே போயிடுறோம்" என்று மகளை அழைத்துக்கொண்டு, கிடைத்த பேருந்தில் மழையோடு இறங்கிப் போனார். இரவு எட்டரை மணிக்கு, விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று அவள் தொலைபேசியில் சொல்லும்வரை நான் உணவு கொள்ளவில்லை.

என்ன நேர்ந்தது? செயலியின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேற்போனால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். எங்கள் பெட்டியில் செயலி, பலகை, அடாப்டர் எல்லாம் சேர்ந்து கடுமையாக வேலை செய்யும்போது ஐம்பது வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடும். பழைய குண்டு பல்பு ஒன்றை மரப்பெட்டிக்குள் எரியவிட்டு மூடியதற்குச் சமம். மரம் வெப்பத்தை வெளியே கடத்தாது. அலுமினியம் கடத்துவதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் அது கடத்துவதில்லை. ஆகவே வெப்பத்தைச் சுமந்து செல்ல வல்லது காற்று ஒன்றே.

எவ்வளவு காற்று வேண்டும்? பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் காற்றின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ ஒரு ஜூல் வேண்டும். ஐம்பது வாட் என்பது வினாடிக்கு ஐம்பது ஜூல். உள்ளே போகும் காற்று பத்து டிகிரி மட்டும் சூடேறி வெளியே வர வேண்டுமானால், வினாடிக்கு ஐந்து கிராம் காற்று செல்ல வேண்டும். கடற்கரையில் அது நான்கு லிட்டருக்குச் சற்று அதிகம். ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆதலின் ஐந்து லிட்டரை நெருங்கிவிடுகிறது. எங்கள் பெட்டியின் கொள்ளளவும் ஏறத்தாழ அதுவே. அதாவது பெட்டியிலுள்ள காற்று முழுவதும் வினாடிக்கு ஒரு முறை மாற வேண்டும்! நாற்பது லிட்டர்ப் பெட்டி எட்டு வினாடி சோம்பியிருக்கலாம். சிறிய பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. பெட்டியைச் சுருக்கினேன், வெப்பம் தன்னைச் சுருக்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் அந்தப் பையனை அழைத்து, "உன் நோட்டில் குறித்த கேள்வியைப் படி" என்றேன். அவன் படிக்கவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி விசிறிக்கு முன்னால் பிடித்தான். உள்ளே நுழைந்த புகை, போக்கிடம் இல்லாமல் விசிறியின் விளிம்பு வழியாகவே திரும்பி வந்தது. விசிறி பெட்டிக்குள் காற்றைச் செலுத்தவில்லை. உள்ளிருந்த சூட்டையே கடைந்துகொண்டிருந்தது.

பிறகு தொடங்கியது பழுது பார்க்கும் வேலை. அடாப்டரை வெளியே கொண்டுவந்தோம். கறுப்புக் கட்டி தொங்கினால் தொங்கட்டும். விசிறியைத் திருப்பிப் பூட்டி, காற்றை வெளியே இழுக்குமாறு செய்தோம். எதிர்ப்பக்கத்தில் காற்று நுழையத் துளைகள் வேண்டும். எத்தனை? விசிறியின் விட்டம் 9 செ.மீ.; நடுவிலுள்ள குமிழின் விட்டம் 4 செ.மீ. ஆறு மில்லிமீட்டர்த் துளைகள் எத்தனை இட்டால் அந்த இடைவெளிக்கு ஈடாகும்? விட்டங்களின் வர்க்கங்களைக் கொண்டு பார்த்தால் நூற்றெண்பது வருகிறது. அத்தனையையும் அந்தப் பையன்தான் துளைத்தான். நூற்றுப் பத்தாவது துளையில் துளையூசி ஒன்று முறிந்தது. வரிசை சற்றுக் கோணியும் இருக்கிறது. எறும்பு புகாமலிருக்க உட்புறம் மெல்லிய கம்பிவலை வைத்தோம். வலையும் காற்றைத் தடுக்குமாதலால் மாதம் ஒரு முறை அதைத் தூரிகையால் துடைக்க வேண்டும்.

அடிப்பக்கத்தையும் முதுகையும் நீக்கிவிட்டுச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய அலுமினியத் தகட்டைப் பொருத்தினோம். செருகிகளும் இப்போது முழுமையாக எட்டின. இந்த அலுமினியத்துக்கும் எங்கள் மலைக்கும் உறவு உண்டு. சேர்வராயன் மலையின் செம்மண்ணில் பாக்சைட்டு இருக்கிறது. 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு முன்பு இங்கிருந்துதான் லாரிகளில் மண் போயிற்று. அந்த ஆலை அலுமினியம் வார்ப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. கடைக்காரர் கொடுத்த தகடு எங்கிருந்து வந்ததோ! ஆயினும் பிள்ளைகள் அதை 'நம்ம மலைத் தகடு' என்றே சொல்லுகிறார்கள். நான் மறுக்கவில்லை.

தகடு பொருத்தியதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. முழுவதும் மரமாக இருந்தபோது, கணிப்பொறியை இயக்கினால் அருகிலிருந்த என் வானொலிப் பெட்டி கரகரக்கும். கணிப்பொறியின் உள்ளோட்டங்கள் தாமும் சிறு ஒலிபரப்பு நிலையங்களாகி அலைகளை வீசுவதே காரணம். உலோகச் சுவர் அவற்றை உள்ளே அடக்கும். இன்னும் மரமாகவே உள்ள மூடியின் உட்புறத்திலும் மெல்லிய தகடு ஒட்டி, எல்லாத் தகடுகளையும் கம்பியால் இணைத்த பிறகு கரகரப்பு வெகுவாய்க் குறைந்தது. இந்தப் பேச்சைக் கேட்கவாவது அது உதவும்.

மூடுபனிக்கு மட்டும் பெட்டியில் மருந்தில்லை. குளிரில் கிடந்த பெட்டியை ஆட்கள் நிறைந்த அறைக்குள் கொண்டுவந்தால், சூடான காப்பிக்கு எதிரே மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல உலோகப் பகுதிகளில் ஈரம் படியும். அரை மணி நேரம் காத்திருந்து, பிறகே இயக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் மிகக் கடினமான பாடமாக இருக்கிறது.

இப்போது பெட்டி வாரம் ஒரு நாள் நாகலூர்ப் பக்கம் போய் வருகிறது. மழைக்காலத்தில் மரமூடி உப்பி இறுகிக்கொள்வதால், அதைத் திறக்க ஒரு தேங்காய்க் கீற்றுக் கத்தியும் உடன் போகிறது. சென்ற வாரம் அந்தப் பையன் மேல்மூடியிலும் துளை இடலாமா என்று கேட்டான். அப்படி இட்டால், செயலியைத் தொடாமலே காற்று குறுக்குவழியில் விசிறிக்குப் போய்விடாதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஊதுபத்தி ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.